சாண்டினிஸ்டா! 36 பாட்டும் தேவைதானா? கிளாஷ் ரசிகர்கள் அன்றும் இன்றும் ரெண்டு அணி

ஆறுபக்கம்

'சாண்டினிஸ்டா!', பிரிட்டிஷ் பங்க் ராக் குழு தி கிளாஷோட நாலாவது ஆல்பம். 1980 டிசம்பர் 12 அன்று வந்தது. 'லண்டன் காலிங்' வந்தது 1979 டிசம்பர் 14, அதாவது ஒரு வருஷத்துக்கு ரெண்டு நாள் குறைச்சல். மூணு தட்டு, பக்கத்துக்கு ஆறு பாட்டு, மொத்தம் 36 பாட்டு, 144 நிமிஷம். பிரிட்டன்ல விலை 5.99 பவுண்டு, ஒரு தட்டு விற்கிற விலை. அந்த விலைக்கு இசைத்தட்டு நிறுவனம் சிபிஎஸ் ஒத்துக்கணும்னு, பிரிட்டன்ல முதல் 2,00,000 பிரதிகளுக்கு ராயல்டியே வேணாம்னு குழு விட்டுக்கொடுத்தது.

விற்பனைப் பட்டியலில் 'லண்டன் காலிங்' பிரிட்டனில் 9ஆம் இடம், அமெரிக்காவில் 27. 'சாண்டினிஸ்டா!' பிரிட்டனில் 19, அமெரிக்காவில் 24. சொந்த ஊரில் இறங்கி, வெளியூரில் ஏறியிருக்கு. ரசிகர்கள் எப்படிப் பிரிஞ்சாங்கன்னு இந்த நாலு எண்ணே சொல்லிடும். அமெரிக்கப் பத்திரிகைகளில் ரோலிங் ஸ்டோன் ஐந்து நட்சத்திரம் போட்டது, வில்லேஜ் வாய்ஸ் நடத்தின விமர்சகர் வாக்கெடுப்பில் 1981க்கான முதலிடம். பிரிட்டிஷ் பத்திரிகைகளில் அந்த உற்சாகம் கிடையாது.

ஒரே வேண்டுகோள்: "மாஸ்டர்பீஸ்", "குப்பை" என்று மட்டும் எழுதிட்டுப் போகாதீங்க. எந்தப் பக்கம், எந்தப் பாட்டு, ஏன் என்று எழுதுங்க.

---

மூணுகார்டு

சரி, பக்கம் போட்டே சொல்றேன். ஆறாம் பக்கம் முழுசும் வேண்டாம்.

1977 ஏப்ரலில் வந்த முதல் ஆல்பத்துல 14 பாட்டு, 35 நிமிஷம். பாட்டுக்கு சராசரி ரெண்டரை நிமிஷம். இங்க சராசரி நாலு நிமிஷம். பங்க் இசையோட மூலதனமே "சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு இறங்கு" என்கிற அவசரம்தான். 'தி ஈக்வலைசர்' 5:47, 'பிராட்வே' 5:45, 'தி க்ரூக்கட் பீட்' 5:29. இந்த மூணுக்கே 17 நிமிஷம் போயிடுது. அந்த நேரத்துல முதல் ஆல்பத்தோட ஒரு பக்கமே முடிஞ்சிருக்கும்.

அடுத்தது கித்தார். மிக் ஜோன்ஸோட கித்தார் முன்னால நின்னு ஓட்டுற பாட்டு எத்தனை? 'போலீஸ் ஆன் மை பேக்', 'சம்படி காட் மர்டர்ட்', 'அப் இன் ஹெவன்'. நாலாவதுக்கு யோசிக்கணும். அதுலயும் 'போலீஸ் ஆன் மை பேக்' அவங்க பாட்டு இல்ல. எடி கிராண்ட் எழுதி தி ஈக்வல்ஸ் 1967ல பாடினது. 36ல மூணு. அன்னைக்கு கடைக்குப் போய் வாங்கின பையனுக்குக் கோபம் வந்ததுல என்ன தப்பு?

---

கிங்ஸ்கிராஸ்

அண்ணே, முதல் ஆல்பத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுறதா இருந்தா முழுசாக் கூப்பிடுங்க. அதிலேயே 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' இருக்கு. ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடின ரெகே பாட்டு, கிளாஷ் அதை ஆறு நிமிஷத்துக்கு இழுத்தாங்க. 14 பாட்டு 35 நிமிஷத்துல ஆறு நிமிஷம் ரெகே! 1978ல 'ஒயிட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே' வந்தப்பவும் இதே முணுமுணுப்பு. 1980 ஆகஸ்டுல 'பேங்க்ராபர்' தனித்தட்டு. தயாரிச்சது ஜமைக்காக்காரர் மைக்கி டிரெட். முதல்ல சிபிஎஸ் அதை வெளியிடவே மறுத்தது; வந்தப்புறம் பிரிட்டனில் 12ஆம் இடம். ஆக, "திடீர்னு பாதை மாறிட்டாங்க" என்கிற குற்றச்சாட்டு தேதி பார்த்தா நிக்காது. பாதை அதேதான். நீளம்தான் புதுசு.

ஆளாளுக்கு யார் எங்க இருந்தாங்கன்னு பார்த்தா பாதிக் குழப்பம் தெளியும். 1980 வசந்தத்துல நியூயார்க் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் வேலை தொடங்குறப்ப பாஸ் வாசிக்கிற பால் சிமனன் படப்பிடிப்புக்காக வான்கூவர்ல இருக்கார். இயன் டூரியோட பிளாக்ஹெட்ஸ் குழுவிலிருந்து நார்மன் வாட்-ராய் பாஸுக்கு வர்றார், கீபோர்டுக்கு மிக்கி கேலகர். 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' பாஸ் வாட்-ராய் வாசிச்சது. அந்த விரலோட்டம் சிமனன் பாணியே இல்ல. சிமனன் சுரங்களைக் குறைச்சு இடைவெளி விடுற ஆளு. அவர் எழுதிப் பாடின 'தி க்ரூக்கட் பீட்' கேட்டுட்டு உடனே 'மேக்னிஃபிசென்ட் செவன்' போடுங்க, வித்தியாசம் தெரியும்.

ஜமைக்காவில் கிங்ஸ்டன் சானல் ஒன் ஸ்டூடியோவில் 'ஜங்கோ பார்ட்னர்' பதிவாகி முடிஞ்ச கையோட, உள்ளூர் ரவுடிகள் பணம் கேட்க ஆரம்பிச்சதால கிளம்ப வேண்டியதாப் போச்சு. மீதி லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவில், பில் பிரைஸ் ஒலிப்பதிவில். மூணு நாட்டுல, ஆள் மாறி ஆள் வாசிச்சு, தயாரிப்பாளர்னு தனியா யாருமே இல்லாம ("தயாரிப்பு: தி கிளாஷ்") வந்த தட்டு இது. 'லண்டன் காலிங்'குக்கு கை ஸ்டீவன்ஸ் இருந்தார். இங்க "இது போதும்டா" என்று சொல்ல ஆளில்ல.

---

ஊசிமுனை

இசை பற்றிய சண்டைக்குள் நான் வரவில்லை. தட்டு பற்றி ஒரு விஷயம். "லண்டன் காலிங் மாதிரி அடிக்கவில்லை, சத்தம் மெலிந்திருக்கிறது" என்று பழைய எல்பி கேட்பவர்கள் சொல்வதில் ஒரு பங்கு இசையின் மேல் இல்லை, கணக்கின் மேல்.

12 அங்குலத் தட்டில் இசை பதிக்க இடம் இருப்பது மையத்திலிருந்து ஏறத்தாழ 146 மி.மீ. தொடங்கி 60 மி.மீ. வரை. அதாவது 86 மி.மீ. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. முதல் ஆல்பத்தின் ஒரு பக்கம் 17½ நிமிடம் என்றால் 583 சுற்று. ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 0.147 மி.மீ. 'சாண்டினிஸ்டா!'வின் நாலாம் பக்கம் 26 நிமிடம் 14 விநாடி. 874 சுற்று. ஒரு சுற்றுக்கு 0.098 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு இடம் காணாமல் போகிறது.

பாஸ் ஒலிதான் பள்ளத்தைப் பக்கவாட்டில் அதிகம் ஆட்டுவது. இடம் குறைந்தால் பக்கத்துப் பள்ளத்தில் இடிக்காமலிருக்க, வெட்டும் பொறியாளர் ஒட்டுமொத்த அளவைக் குறைக்கிறார், அல்லது அடி பாஸை வடிகட்டுகிறார், அல்லது இரண்டும். ரெகேயும் டப்பும் (ரெகே பதிவை எதிரொலியோடு மறுகலவை செய்த வடிவம்) நிறைந்த ஆல்பம். பாஸ்தான் அதன் உயிர். மிக அதிக பாஸ் கேட்கும் இசையை மிகக் குறைந்த இடத்தில் அடைத்திருக்கிறார்கள். சத்தத்தைக் கூட்டினால் தட்டின் இரைச்சலும் கூடவே ஏறும்.

என் கணக்கில் பக்கவாரி நேரம் (குறுவட்டு நேரத்தை வைத்து, சில விநாடி முன்பின் இருக்கலாம்): ஒன்று 23:06, இரண்டு 22:18, மூன்று 25:06, நான்கு 26:14, ஐந்து 22:34, ஆறு 24:48.

இன்னொன்று. வெளிவிளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள்விளிம்பில் 21 செ.மீ.தான். அதே உயர் அதிர்வெண்ணை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டும். "ஸ", "ஷ" ஒலிகள் கரகரக்கும். அதனால் வரிசை போடுபவர்கள் உரத்த பாட்டை வெளியிலும் அமைதியானதை உள்ளேயும் வைப்பார்கள். நாலாம் பக்கத்தைப் பாருங்கள்: தொடக்கம் 'போலீஸ் ஆன் மை பேக்', முடிவு பியானோவோடு மெதுவாகப் போகும் 'பிராட்வே'. இதைத் தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. மூன்றாம் பக்கம் நேர் எதிர்: கூட்டுக்குரலோடு வரும் 'தி சவுண்ட் ஆஃப் தி சின்னர்ஸ்' உள்விளிம்பில் மாட்டிக்கொண்டது. கூம்பு ஊசி வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பாட்டு கண்டிப்பாகப் பிசிறும்.

---

மூணுகார்டு

ஆக, பாட்டு நீளம், தட்டுல இடமில்ல, சத்தமும் இல்ல. நான் சொன்னதையே அளவுகோல் வெச்சுச் சொல்லியிருக்கீங்க சார், நன்றி.

---

வெட்டிஒட்டி

பேச்சைக் குறைச்சு வெட்டுவோம். "ஒரே தட்டா விட்டிருந்தா?" என்கிறது இந்த ஆல்பத்தோட ரசிகர்கள் 1980லேர்ந்து ஆடுற விளையாட்டு. அமெரிக்காவில் எபிக் நிறுவனமே ஆடியிருக்கு: வானொலி நிலையங்களுக்காக 12 பாட்டை மட்டும் எடுத்து 'சாண்டினிஸ்டா நவ்!' என்று ஒரு விளம்பரத் தட்டு அனுப்பினாங்க.

என் பட்டியல். நிபந்தனை: பக்கத்துக்கு 21 நிமிஷத்துக்குள்ள, டப் வடிவம் எதுவும் இல்ல.

முதல் பக்கம்: தி மேக்னிஃபிசென்ட் செவன் 5:28, சம்படி காட் மர்டர்ட் 3:34, போலீஸ் ஆன் மை பேக் 3:15, சம்திங் அபௌட் இங்கிலாந்து 3:42, அப் இன் ஹெவன் 4:31. கூட்டினா 20:30.

ரெண்டாம் பக்கம்: தி கால் அப் 5:25, வாஷிங்டன் புல்லட்ஸ் 3:51, ரெபெல் வால்ட்ஸ் 3:25, தி ஸ்ட்ரீட் பரேட் 3:26, ஒன் மோர் டைம் 3:32. கூட்டினா 19:39.

மொத்தம் 40:09, பத்து பாட்டு. இதை 1980ல விட்டிருந்தா இந்த இழையே இருந்திருக்காது.

இதைச் செய்யப் போறவங்களுக்கு மூணு எச்சரிக்கை. ஒண்ணு, 'ஒன் மோர் டைம்' முடிவு அப்படியே 'ஒன் மோர் டப்'புக்குள்ள ஓடுது. நடுவுல வெட்டினா எதிரொலி வால் துண்டா நிக்கும். கடைசி நாலஞ்சு விநாடியை மெதுவா இறக்குங்க. அதனாலதான் அதைப் பட்டியல் கடைசியில வெச்சேன். ரெண்டு, 'பிராட்வே' சேர்க்கிறவங்க கவனம்: வால் பகுதியில கேலகரோட குட்டிப் பொண்ணு 'கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' பாடுறது ஒட்டியிருக்கு. பட்டியல் நடுவுல அது வந்தா அடுத்த பாட்டோட மூச்சு போயிடும். மூணு, ஒலி அளவைச் சமன் பண்ணுற வசதி இருந்தா ஆல்பம் முறையில வையுங்க, பாட்டு முறையில வேண்டாம். பாட்டு முறையில வெச்சா மெதுவான பாட்டெல்லாம் 'போலீஸ் ஆன் மை பேக்' உயரத்துக்கு ஏறி, பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் காதுக்குள்ள கத்துற மாதிரி ஆகும்.

---

எதிரொலி

'தி ஸ்ட்ரீட் பரேட்' வெச்சீங்களே, அதுக்கு ஒரு வணக்கம். அஞ்சாம் பக்கத்துக் கடைசியில புதைஞ்சு கிடக்குற பாட்டு அது, அங்க வரைக்கும் பாதி பேர் போறதே இல்ல. ஆனா "டப் வடிவம் எதுவும் இல்ல" என்கிற நிபந்தனைதான் எனக்கு இடிக்குது.

டப் என்றால் "பாட்டு இல்லாத பாட்டு", இடம் நிரப்புற வேலை என்று நினைக்கிறவங்க ஜமைக்காவின் 45 சுற்றுத் தட்டு பார்க்காதவங்க. முன்பக்கம் பாட்டு, பின்பக்கம் அதே பாட்டோட 'வெர்ஷன்'. ஒரே பதிவை ரெண்டு தடவை விற்கிற சிக்கனம், அதே சமயம் கலவை மேசையையே வாத்தியமா வாசிக்கிற கலை. இங்க மைக்கி டிரெட் செஞ்சது அதுதான். எது எதிலிருந்து வந்தது என்று தெரிஞ்சா கேட்குற விதமே மாறும்: 'ஒன் மோர் டப்' ← ஒன் மோர் டைம். 'லிவிங் இன் ஃபேம்' ← இஃப் மியூசிக் குட் டாக், மேல டிரெட் குரல். 'சிலிக்கோன் ஆன் சஃபையர்' ← வாஷிங்டன் புல்லட்ஸ். 'வெர்ஷன் பார்ட்னர்' ← ஜங்கோ பார்ட்னர். 'மென்ஸ்ஃபோர்த் ஹில்' மட்டும் டப் இல்ல. 'சம்திங் அபௌட் இங்கிலாந்து' நாடாவைப் பின்னோக்கி ஓட்டி மேல சில ஒலி சேர்த்தது. நேரம்கூட ஒண்ணுதான், 3:42.

எப்படிச் செய்யறாங்கன்னு ஒரு தடவை கையால செஞ்சு பார்த்தா இந்த வெறுப்பு குறையும். பாட்டைப் பிரிச்சுத் தர்ற மென்பொருள் ஏதாவது ஒண்ணுல டிரம்ஸ், பாஸ், குரல், மீதி என்று நாலு தடமாப் பிரிச்சுக்குங்க. டிரம்ஸும் பாஸும் மட்டும் மேல, மத்த ரெண்டும் கீழ. எதிரொலிக்கு தனி வழி ஒண்ணு. அதோட நேரம் பாட்டு வேகத்தோட பொருந்தணும். 60,000ஐ நிமிஷ அடிக் கணக்கால வகுங்க: 72 அடின்னா ஒரு அடி 833 மில்லி விநாடி. அதுல முக்கால், 625, ரெகேக்கு நல்லா உட்காரும். இப்ப குரல் தடத்தை ஒரு வார்த்தைக்கு மட்டும் திறந்து, எதிரொலிக்கு அனுப்பி, உடனே மூடுங்க. வார்த்தை போயிடும், நிழல் நிக்கும். ஸ்னேர் அடிக்கும் இதே மாதிரி, ஆனா எல்லா அடிக்கும் இல்ல, எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு தடவை.

கெட்டுப்போற இடங்கள்: எதிரொலி திரும்பி வர்ற வழியில 250 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டலைன்னா பாஸ் சேறாகும். மறுசுழற்சி அளவைக் கொஞ்சம் அதிகமாத் திருப்பினா எதிரொலி தன்னைத்தானே வளர்த்து ஊளையிடும். ரெண்டு விநாடி விட்டு இறக்கினா அழகு, விட்டுட்டா ஸ்பீக்கருக்கு ஆபத்து. எல்லாத்துக்கும் மேல, எங்க நிறுத்தணும்னு தெரியணும். இந்த இடத்துல நானே ஒத்துக்கிறேன்: 'வெர்ஷன் பார்ட்னர்' 5:22 ஓடுது, மூணரை நிமிஷத்துலயே சொல்ல வேண்டியது முடிஞ்சுடுது. 'ஒன் மோர் டப்' அப்படி இல்ல. மூலப் பாட்டுக்கு அடுத்த நொடியே வர்றதால, வீட்டுக்குள்ள விளக்கை ஒவ்வொண்ணா அணைக்கிற மாதிரி இருக்கும். ஜமைக்கா தட்டைத் திருப்பிப் போடுற அனுபவத்தை திருப்பாமலே கொடுத்திருக்காங்க. மத்த மூணையும் ஆறாம் பக்கத்துல குவிச்சதுதான் தப்பு. மூலப் பாட்டு கேட்டு கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் கழிச்சு 'வெர்ஷன் பார்ட்னர்' வருது. யாருக்கு ஞாபகம் இருக்கும்?

---

ஆறுபக்கம்

எதிரொலி கொடுத்த பட்டியலை வெச்சு ஒரு கூட்டல் போட்டேன். புதுப் பாட்டு இல்லாம பழசைத் திருப்பிப் போட்டது ஆறு: ஒன் மோர் டப் 3:34, மென்ஸ்ஃபோர்த் ஹில் 3:42, லிவிங் இன் ஃபேம் 4:36, சிலிக்கோன் ஆன் சஃபையர் 4:32, வெர்ஷன் பார்ட்னர் 5:22, அப்புறம் கேலகரோட பிள்ளைகள் பாடுற 'கரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ்' 2:30. மொத்தம் 24:16.

கவனிச்சீங்களா? ஆறு பாட்டு. 24 நிமிஷம். அச்சு அசலா ஒரு பக்கம்.

ஆக அவங்க கையில இருந்தது 30 பாட்டு, அஞ்சு பக்கம், ரெண்டு மணி நேரம். மூணு தட்டுன்னு முடிவானதும் ஆறாவது பக்கம் காலியா இருக்கு; பக்கத்துக்கு ஆறு என்கிற அழகும் வேணும். அந்த ஆறு இடத்தை நிரப்பத்தான் இந்த ஆறும். இது என் ஊகம்தான், ஆனா கணக்கு இவ்வளவு பொருந்துறப்ப ஊகிக்காம இருக்க முடியல. "36 பாட்டு அதிகம்" என்கிற புகாரை நான் இப்படி மாத்துவேன்: 30 பாட்டு அதிகம் இல்ல, 6 × 6 என்கிற ஆசைதான் அதிகம்.

---

மூணுகார்டு

30ம் அதிகம்தான் ஆறுபக்கம். 'லுக் ஹியர்', 'லெட்ஸ் கோ கிரேசி', 'ஜங்கி ஸ்லிப்'. இதுல எதை நீங்க கடைசியா விரும்பிப் போட்டீங்க?

'லூஸ் திஸ் ஸ்கின்' பற்றி யாருமே வாயைத் திறக்கலையே. அஞ்சாம் பக்கத்து முதல் பாட்டு. கிளாஷ் ஆல்பத்துல ஒரு பக்கத்தைத் தொடங்குறது கிளாஷ் ஆளே இல்ல, டைமன் டாக்! 5:07 நிமிஷம் வயலினும் அந்தக் குரலும். மூணாவது தட்டை எடுத்து வெச்சவன் அங்கேயே ஊசியைத் தூக்கிடுவான்.

---

கிங்ஸ்கிராஸ்

டைமன் டாக் ஸ்ட்ரம்மரோட பழைய கூட்டாளி. குழு தொடங்குறதுக்கு முன்னால தெருவில் சேர்ந்து பாடின காலத்துலேர்ந்து. வயலின் வாசிப்பு கரடுமுரடுதான். ஆனா கிளாஷோட டிரம்மர் டாப்பர் ஹெடன் பின்னால என்ன அடிக்கிறார்னு ஒரு தடவை கேளுங்க. அந்தப் பாட்டு கலைஞ்சு போகாம இருக்கிறதே அவராலதான். இந்த ஆல்பத்தை ஒட்டுமொத்தமா சுமக்கிறதே டாப்பர்: ரெகே, ஃபங்க், வால்ட்ஸ், ஜாஸ், ராக்கபிலி எல்லாத்தையும் ஒரே ஆள் வாசிக்கிறார். 'இவான் மீட்ஸ் ஜி.ஐ. ஜோ' அவர் பாடினதும்கூட. அமெரிக்காவும் சோவியத்தும் டிஸ்கோ மேடையில மோதுற பாட்டு, ஆர்கேட் விளையாட்டுச் சத்தத்தோட.

அரசியல் பக்கமும் ரசிகர்கள் ரெண்டா நின்னாங்க, அதைத் தொடாம இந்த இழை முடியக்கூடாது. ஆல்பம் பேரே நிகராகுவாவில் 1979 ஜூலையில் சர்வாதிகாரி சொமோசாவை இறக்கின இயக்கத்தோட பேர். தட்டு எண்ணே 'எஃப்எஸ்எல்என் 1', அந்த இயக்கத்தின் ஸ்பானிய முதலெழுத்து. "தெரியாத நாட்டு அரசியலை சட்டை மாதிரி போட்டுக்கிறாங்க" என்றது ஒரு கூட்டம். 'வாஷிங்டன் புல்லட்ஸ்' கேட்டா அந்தக் குற்றச்சாட்டு முழுசா நிக்காது. சிலி, அங்க கொல்லப்பட்ட பாடகர் விக்டர் ஹாரா, கியூபா, நிகராகுவா என்று அமெரிக்காவைக் கேட்டுட்டு, ஆப்கானிஸ்தானுக்கு சோவியத்தையும் திபெத்துக்கு சீனாவையும் அதே மூச்சுல கேட்குது. இடதுசாரி ரசிகர்கள்ல சிலருக்கே அது கசந்திருக்கும். 'தி கால் அப்' வந்தது, அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1980ல கட்டாய ராணுவச் சேவைக்கான பெயர்ப்பதிவைத் திரும்பக் கொண்டுவந்த அதே வருஷம். அமெரிக்க ரசிகர்களுக்கு அது வெளிநாட்டு அரசியல் இல்ல.

எனக்கு இடிக்கிறது 'ஹிட்ஸ்வில் யு.கே.'தான். ரஃப் டிரேட், ஃபேக்டரி, ஸ்மால் ஒண்டர் என்று சிறு நிறுவனங்களைப் புகழுற பாட்டை சிபிஎஸ் முத்திரையோட விற்கிறது. மிக்கும் பாடகி எலன் ஃபோலியும் பாடுறது இனிமையா இருக்கு, அதனாலயே கூடுதலா உறுத்துது. கிளாஷ் 1977லேர்ந்து சிபிஎஸ் சம்பளத்துல சிபிஎஸ்ஸைத் திட்டினவங்கதான், சரி.

---

புதுக்காது

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். 'லண்டன் காலிங்' மட்டும் தெரியும், 'ராக் தி காஸ்பா' தெரியும். இதை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? முதல்லேர்ந்து போட்டா மூணாம் பக்கத்துல தூக்கம் வருது. கலைச்சுப் போட்டா ஒண்ணும் ஒட்டல.

---

வெட்டிஒட்டி

கலைச்சுப் போடவே கூடாது தம்பி. பின்னோக்கி ஓடுற நாடாவும் டப்பும் சொந்தப் பாட்டுக்குப் பக்கத்துல இல்லாட்டி அனாதைதான்.

நாலாம் பக்கத்துல ஆரம்பிங்க. 26 நிமிஷம், ஒரே ஒரு பக்கம். போலீஸ் ஆன் மை பேக், மிட்நைட் லாக், தி ஈக்வலைசர், தி கால் அப், வாஷிங்டன் புல்லட்ஸ், பிராட்வே. ராக், ராக்கபிலி, டப் வாடை, அரசியல், பின்னிரவு பியானோ, எல்லாம் ஒரு கைப்பிடி இருக்கு. பிடிச்சா அடுத்து ஒண்ணாம் பக்கம், அப்புறம் ரெண்டு. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அதுக்கு மேல வேண்டாம். இது ஒரே உட்காரலில் கேட்குற ஆல்பம் இல்ல. எண்ணெய்க் கிணற்றுத் தளத்துலயும் துருவ நிலையத்துலயும் இருக்கிற, கடைக்கு அடிக்கடி போக முடியாதவங்களுக்கான தட்டு என்று மிக் ஜோன்ஸே சொல்லியிருக்கார்.

குறுவட்டு வாங்கினா: பழைய பதிப்பு ரெண்டு வட்டு, முதல் மூணு பக்கம் ஒண்ணுல, மீதி ஒண்ணுல. இதுல பக்கம் முடியுற இடத்து நிசப்தம் போயிடுது. நீங்க சொன்ன தூக்கம் வர்ற காரணத்துல அது ஒண்ணு. 2013ல வந்த 'சவுண்ட் சிஸ்டம்' பெட்டியில மூணு வட்டா, தட்டு மாதிரியே பிரிச்சிருக்காங்க. கோப்பா வெச்சுக் கேட்குறவங்க பக்கத்துக்கு ஒண்ணா ஆறு பட்டியல் போட்டுக்குங்க, முடிஞ்சதும் தானா நிக்கிற மாதிரி.

---

மூணுகார்டு

ஆக ஒரு ஆல்பத்தைக் கேட்க கால அட்டவணை வேணும். மாத்திரைச் சீட்டு மாதிரி தினம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம்.

நான் கேட்குறது இதுதான்: குழுவே அடுத்த ஆல்பத்துல நான் சொல்றதை ஒத்துக்கலையா? 1982 மே மாசம் வந்த 'காம்பாட் ராக்'. மிக் ஜோன்ஸ் கலந்து வெச்சது 77 நிமிஷ ரெட்டைத் தட்டு. மத்தவங்க ஏத்துக்கல. தயாரிப்பாளர் கிளின் ஜான்ஸ் கையில கொடுத்து 46 நிமிஷமாக் குறைச்சாங்க, 12 பாட்டு. அவங்க விற்பனையில உச்சம் அதுதான். கத்தரி வந்ததும் கூட்டம் வந்தது.

---

எதிரொலி

கத்தரி வந்தது, குழுவும் போச்சே. அதே 1982ல டாப்பர் வெளியே, 1983ல மிக் வெளியே. கத்தரிதான் காரணம்னு சொல்ல மாட்டேன். டாப்பர் விஷயம் ஹெராயின். ஆனா 77ஐ 46 ஆக்கின சண்டையில மிக்குக்கு விழுந்த காயம் சின்னது இல்ல.

அப்புறம், 'சாண்டினிஸ்டா!' இல்லாம 'காம்பாட் ராக்'கோட அந்தத் தாளம் எங்கேர்ந்து வந்திருக்கும்? நியூயார்க்கில் மிக் கேட்ட ராப்பிலிருந்து 'மேக்னிஃபிசென்ட் செவன்'. அதோட ரீமிக்ஸை கறுப்பின மக்கள் கேட்குற டபிள்யூபிஎல்எஸ் வானொலி ஓட்டுச்சு. 1981ல டைம்ஸ் ஸ்கொயர் பாண்ட்ஸ் அரங்குல எட்டு நிகழ்ச்சின்னு அறிவிச்சது 17 ஆச்சு. அங்க அவங்களுக்கு முன்னால மேடையேறின ராப் கலைஞர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷை கிளாஷ் ரசிகர்களே கூச்சல் போட்டு, கோப்பை எறிஞ்சு விரட்டினாங்க. மேடையில இருந்தவங்க மேல எறிஞ்ச அதே ஆட்கள் வீட்டுல 'மேக்னிஃபிசென்ட் செவன்' வெச்சிருந்திருப்பாங்க. ரெண்டு அணின்னு தலைப்புல போட்டிருக்கு. ஒரே ஆளுக்குள்ளயே ரெண்டு அணி இருந்திருக்கு.

---

மூணுகார்டு

கோப்பை எறிஞ்சவங்களுக்கு நான் வக்காலத்து வாங்க வரல. அது அசிங்கம்.

'சம்படி காட் மர்டர்ட்' மட்டும் என் பட்டியல்லயும் முதல்ல இருக்கும், அதைச் சொல்லிடறேன்.

---

ஊசிமுனை

பழைய எல்பி வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

மூன்று தட்டும் ஒரே பிரதியிலிருந்து வந்தவையா என்று பாருங்கள். இரண்டு தனிப்பிரதிகளைக் கலந்து ஒன்றாக்கி விற்பது மும்மடித் தட்டுகளில் சகஜம். மூன்றாம் தட்டு புதுசு போல் பளபளத்து முதல் தட்டு தேய்ந்திருந்தால் மட்டும் சந்தேகப்படாதீர்கள்; இந்த ஆல்பத்தில் அது இயல்பு, காரணம் மேலே மூணுகார்டு எழுதியிருக்கிறார். உள்ளே 'தி ஆர்மகிடியன் டைம்ஸ்' மூன்றாம் இதழ் என்ற மடிப்புத்தாள் இருக்க வேண்டும். பாடல் வரிகளும் ஸ்டீவ் பெல்லின் கேலிச்சித்திரங்களும் அதில்தான். அது இல்லாமல் முழு விலை கொடுக்க வேண்டாம்.

கேட்டுப் பார்க்க வாய்ப்பு இருந்தால் நாலாம் பக்கம் முதல் பாட்டையும் மூன்றாம் பக்கம் கடைசிப் பாட்டையும் போடுங்கள். முதலாவதில் வெளிவிளிம்புச் சேதம் தெரியும். இரண்டாவதில் உள்விளிம்புத் தேய்மானம். அந்தக் கூட்டுக்குரல் இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் கிழிந்தால் தட்டு தேய்ந்திருக்கிறது. வலப்பக்கம் மட்டும் கிழிந்தால் பெரும்பாலும் தட்டு மேல் தப்பில்லை. டேபிளில் ஆன்டி-ஸ்கேட் (ஊசிக்கை உள்நோக்கி இழுபடுவதை ஈடுசெய்யும் அமைப்பு) குறைவாக இருக்கும், அதைத் திருத்திவிட்டு மறுபடி கேளுங்கள்.

வீட்டில்: நீண்ட பக்கங்களுக்குக் கூம்பு ஊசியை விட நீள்வட்ட ஊசி, முடிந்தால் இன்னும் நுண்ணிய முனையுள்ள மைக்ரோலைன். அழுத்தம் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேல்பாதியில். ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-விஎம்95 வகைக்கு 2.0 கிராம். அழுத்தம் குறைந்தால் தட்டு பிழைக்கும் என்பது தவறான நம்பிக்கை, ஊசி பள்ளத்தில் துள்ளித்தான் சுவரைக் கெடுக்கும். ஊசியின் கோணத்தை, மையத்திலிருந்து 66.0 மி.மீ., 120.9 மி.மீ. என்ற இரண்டு புள்ளிகளில் சரிபாருங்கள். உள் புள்ளி 66 என்பதால் 'பிராட்வே' விழும் இடம் ஏறக்குறைய அதன் மேலேயே வருகிறது.

---

வெட்டிஒட்டி

கேசட்டுக்கு மாத்துறவங்களுக்கு ஒரு வரி: 90 நிமிஷ நாடாவோட ஒரு பக்கம் 45 நிமிஷம்; தட்டோட ஒண்ணு, ரெண்டாம் பக்கம் சேர்த்தா 45:24. பெரும்பாலான நாடாவில் ஒரு நிமிஷம் உபரி இருக்கும், தப்பிச்சுக்கலாம். மூணும் நாலும் 51:20, வாய்ப்பே இல்ல. 'தி ஈக்வலைசர்' தூக்கினாத்தான் 45:33, அந்த உபரியில அடங்கும்.

---

புதுக்காது

நாலாம் பக்கம் போட்டேன். 'தி ஈக்வலைசர்'லயும் வயலின் வருதே, அதுவும் அந்த டைமன் டாக்தானா?

---

கிங்ஸ்கிராஸ்

அவரேதான். மூணுகார்டு கிட்ட சொல்லிடாதீங்க.